நிறை குறைப்பும் குடல்வாசிகளும்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவுக்கு நாள் குறித்ததும் எங்கள் வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் முதலில் எழுந்த பேச்சு சேலையின் நிறம். இரண்டாவது, அந்தச் சேலையில் எடுப்பாகத் தெரிய எத்தனை கிலோ இறக்க வேண்டும் என்பது. ரொறன்ரோவில் ஒருத்தி சோற்றை நிறுத்தினாள். லண்டனில் ஒருத்தி மூன்று வேளையும் பவுடர் கரைத்துக் குடித்தாள். குழுவில் வைத்தியர்களாக இருக்கும் நாங்கள் இருவரும், ஒளிப்பானேன், இரவுச் சாப்பாட்டை விட்டோம். மூன்று மாதத்தில் குழுவுக்கு வந்த படங்கள் அழகாகத்தான் இருந்தன. எங்களுக்குத் தனியாக வந்த செய்திகள் வேறு. வயிறு ஊதுகிறது, ஐந்து நாளாக வெளிக்குப் போகவில்லை, பவுடரை விட்டதும் போன கிலோ திரும்பிவிட்டது. பவுடர் குடித்தவள் எட்டுக் கிலோ இறக்கியிருந்தாள். எல்லோரும் கைதட்டினோம். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

ஒரு சராசரி மனித உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன என்று 2016 இல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. எங்களுடைய சொந்தக் கலங்களின் தொகையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அத்தனையையும் திரட்டி நிறுத்தால் 200 கிராம் அளவில் வரும். பெரும்பாலானவை பெருங்குடல்வாசிகள். சிறுகுடலில் சமிக்காத நார் அங்கே போய்ச் சேர, அவை அதை நொதிக்கவைத்துச் சில அமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றுள் ஒன்று பியூட்டிரிக் அமிலம். உயர்தர வகுப்பு இரசாயனவியல் கூடத்தில் அதன் போத்தலைத் திறந்துவிட்டு, பழுதான நெய் மணக்கிறது என்று நாங்கள் மூக்கைப் பொத்தியது சிலருக்கு நினைவிருக்கும். பெருங்குடலின் உட்சுவர்க் கலங்களுக்கு அதுதான் முதன்மையான எரிபொருள். நாங்கள் நாரை அனுப்பாவிட்டால் அந்தக் கலங்களும் பட்டினி.

இதை நன்றாகக் காட்டிய ஆய்வு ஒன்று 2015 இல் வெளிவந்தது. குடற்புற்றுநோய் அதிகமுள்ள ஆபிரிக்க அமெரிக்கர் 20 பேரும், அது மிகக் குறைவான தென்னாபிரிக்கக் கிராமத்தவர் 20 பேரும் இரண்டு வாரங்களுக்கு உணவை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்களுக்கு நாளுக்கு 55 கிராம் வரை நார் கிடைத்தது. கிராமத்தவர்களுக்குக் கொழுப்பும் இறைச்சியும் கூடி நார் குறைந்தது. அந்த இரண்டு வாரத்திலேயே அமெரிக்கர்களின் குடலில் பியூட்டிரேற்று கூடியது, குடற்சுவரின் அழற்சி தணிந்தது. கிராமத்தவர்களுக்கு நேர்மாறு. பரம்பரை மாறவில்லை, நிறை குறைப்பும் நோக்கமில்லை. தட்டில் இருந்ததுதான் மாறியது.

உடற்பயிற்சிக்கும் பங்குண்டு. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில், உட்கார்ந்தே வேலை செய்யும் 32 பேரை உணவை மாற்றாமல் ஆறு வாரம் பயிற்சி செய்யவைத்தார்கள். பியூட்டிரேற்று உண்டாக்கும் பற்றீரியாக்கள் கூடின, மெலிந்தவர்களில் இது தெளிவாகத் தெரிந்தது. அடுத்த ஆறு வாரம் பயிற்சியை விட்டதும் பெரும்பாலும் பழையபடி ஆகிவிட்டன. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் நாங்கள் பள்ளிக்கும் ரியூசனுக்கும் ஒடியல் மா வாங்கவும் சைக்கிள் மிதித்தவர்கள். அந்த நாட்களைச் சிலர் இப்போது ஆரோக்கியமான காலம் என்று புகழ்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. பட்டினி வேறு, உணவுக் கட்டுப்பாடு வேறு. அப்போது மெலிந்துபோன குழந்தைகளை நாங்கள் கண்ணால் கண்டோம். சைக்கிளை மட்டும் திரும்ப எடுக்கலாம்.

இனிப் பவுடருக்கு வருவோம். மாதவிடாய் நின்ற 80 பெண்களை வைத்து ஜேர்மனியில் நடந்த ஆய்வு 2021 இல் வெளியானது. அவர்களில் ஒரு பகுதியினர் வைத்தியக் கண்காணிப்பில் நாளுக்கு 800 கலோரி மட்டுமே தரும் பானங்களில் பல வாரங்கள் இருந்தார்கள். நிறை குறைந்தது. குடற்பற்றீரியாக்களின் தொகையும் குறைந்து, கூட்டமே மாறியது. கடும் வயிற்றோட்டத்தை உண்டாக்கக்கூடிய குளொஸ்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமி சிலரிடம் தலைதூக்கியது. வழமையான சாப்பாட்டுக்குத் திரும்பியதும் பெரும்பாலானவை பழைய நிலைக்கு வந்தன. இஸ்ரேலில் சுண்டெலிகளில் செய்த இன்னொரு ஆய்வில், நிறை குறைந்த பின்னும் குடல்வாசிகள் பழைய பருமனின் தடயத்தோடு நெடுநாள் இருந்தன. திரும்பக் கொழுப்புணவு கொடுத்தபோது நிறை வேகமாக ஏறியது. எலிகளில் கண்டதை மனிதர்மேல் அப்படியே ஏற்றிச் சொல்ல முடியாது. என்றாலும் கிளினிக்கில் நாங்கள் காண்பதோடு இது ஒத்துப்போகிறது. மலத்தை அனுப்பினால் உங்கள் பற்றீரியாவுக்கு ஏற்ற நிறை குறைப்புத் திட்டம் தருவோம் என்ற விளம்பரங்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம். இந்தப் பற்றீரியா கூடினால் பருமன், அது கூடினால் மெலிவு என்று தொடக்கத்தில் சொன்ன கணக்குகள் பிந்திய ஆய்வுகளில் நிலைக்கவில்லை.

என்ன சாப்பிடுவது? புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. குரக்கன், பயறு, கௌபி, உளுந்து, பலாக்கொட்டை, வாழைப்பொத்தி, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஓட்ஸும் அவரை வகைகளும் போதும். சோற்றை ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அதன் மாப்பொருளில் ஒரு பங்கு சிறுகுடலில் சமிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது. பழஞ்சோற்றுக் குழையலை விரும்பியவர்களுக்கு இது நல்ல செய்தி. சலரோகம் உள்ளவர்கள் அளவை மறக்க வேண்டாம், இரவு முழுக்கச் சோற்றை வெளியில் வைக்கவும் வேண்டாம். தயிர் நல்லது. தோசை மா புளித்ததுதான், ஆனால் அதிலுள்ளவை தோசைக்கல்லில் வெந்துவிடும். நாரை ஒரே நாளில் கூட்டினால் வயிறு ஊதும். இரண்டு மூன்று வாரம் எடுத்து, தண்ணீரும் குடித்துக் கூட்டுங்கள். நிறை வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் போதும்.

இப்போது அந்த லண்டன் தோழி. அவளுடைய அனுமதியோடுதான் சொல்கிறோம். பவுடரை விட்ட பிறகும் அவளது நிறை இறங்கிக்கொண்டே இருந்தது. ஒருநாள் மலச்சிக்கல், மறுநாள் வயிற்றோட்டம் என்று எழுதினாள். குடல்வாசிகள் குழம்பியிருக்கின்றன, தயிரும் பப்பாசியும் சாப்பிடு என்று பதில் எழுதியவர்கள் வைத்தியர்களாகிய நாங்கள்தான். கடும் களைப்பு என்று அவள் சொன்னதையும் உணவுக் கட்டுப்பாட்டின்மேல் போட்டோம். மலத்தோடு இரத்தம் போகிறதா என்று கேட்கவே இல்லை. போயிருக்கிறது, மூலம் என்று நினைத்து அவள் சொல்லவில்லை. நான்கு மாதம் கழித்துத்தான் கொலனொஸ்கோப்பி செய்தாள். பெருங்குடலில் புற்றுநோய். சத்திரசிகிச்சையும் மருந்தும் முடிந்து இன்று முன்வரிசையில், எல்லோரிலும் எடுப்பான சேலையில் இருக்கிறாள்.

நாற்பதைத் தாண்டிய எங்களில் எவருக்காவது மலம் போகும் வழக்கம் மூன்று வாரத்துக்கு மேல் மாறியிருந்தால், இரத்தம் கண்டால், முயலாமலே நிறை இறங்கினால், தயிரில் தொடங்க வேண்டாம். வைத்தியரிடம் நேரில் போங்கள், வட்ஸ்அப்பில் எங்களிடம் அல்ல. பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஐம்பது தாண்டியவர்களுக்கு மலப் பரிசோதனைப் பொதி தபாலில் வருகிறது. அதை மேசை லாச்சிக்குள் போட்டு வைத்திருப்பவர்கள் இந்த மண்டபத்தில் குறைந்தது நாலைந்து பேர் இருப்பீர்கள். ஊருக்குத் திரும்பியதும் அதை எடுத்துச் செய்து அனுப்புங்கள்.

மதியச் சாப்பாட்டில் குரக்கன் புட்டும் முருங்கையிலை வறையும் உண்டு. அந்தத் தோழிதான் பட்டியல் போட்டாள். கேள்விகள் இருந்தால் அங்கே கேட்கலாம், கூச்சப்படாமல்.