எத்துப்பல்லும் தாடையும்

மேல்வரிசை முன்பற்கள் உதட்டைத் தாண்டி நீண்டு நிற்பதைத் தமிழில் எத்துப்பல் என்கிறோம். சொல் ஒன்றே, ஆனால் அச்சொல்லால் நாம் சுட்டும் நிலைகளோ மூன்று. ஒரு சொல் பல பொருள்களைத் தன்னுள் மறைத்துக்கொண்டு நிற்பதால் விளையும் தொல்லை, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட என்னைப் போன்றவர்களுக்கு நாள்தோறும் நேர்வது. ஏட்டில் நேர்ந்தால் அதைத் திருத்திவிடலாம். எத்துப்பல் என்னும் சொல்லில் நேரும் குழப்பமோ, ஒரு குழந்தைக்கு எந்தச் சிகிச்சை, எந்த வயதில் என்னும் முடிவையே தவறவிடச் செய்யக்கூடியது. ஆகவே, அந்த மூன்று நிலைகளையும் முதலில் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, தாடைகள் இரண்டும் தத்தம் இடத்தில் சரியாக அமைந்திருக்க, முன்பற்கள் மட்டும் வெளிப்புறமாகச் சாய்ந்திருப்பது. நெடுநாள் விரல் சூப்பும் பழக்கமுடைய குழந்தைகளிடம் இதனைக் காணலாம். இரண்டாவது, மேல்தாடை எலும்பே முன்தள்ளி வளர்ந்திருப்பது. மூன்றாவது, மேல்தாடை செவ்வனே இருக்க, கீழ்த்தாடை வளர்ச்சியில் பின்தங்கிவிடுவது. கீழே இருப்பது பின்வாங்கினால், மேலே இருப்பது முன்வந்ததுபோல் தோன்றுவது இயல்புதானே? பார்ப்பவர் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். ஒரே முகத்தில் இவற்றுள் இரண்டோ மூன்றோ கலந்திருப்பதும் உண்டு.

மேல்வரிசையும் கீழ்வரிசையும் பொருந்தும் முறையைக் கடைவாய்ப் பற்களைக் கொண்டு மூன்று வகுப்புகளாகப் பிரித்தவர் அமெரிக்கப் பல் மருத்துவரான எட்வர்ட் ஆங்கிள். ஆண்டு 1899. கீழ்வரிசை பின்தங்கிப் பொருந்துவதை அவர் இரண்டாம் வகுப்பு என்றார். 1981ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மக்னமாரா என்னும் மற்றோர் அமெரிக்க அறிஞர், இந்த இரண்டாம் வகுப்பைச் சேர்ந்த 8 முதல் 10 வயதுவரையுள்ள குழந்தைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்தார். அவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்ட குறை, கீழ்த்தாடை பின்தங்கியிருப்பதே என்று கண்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நாம் மேல்தாடையைப் பழித்துக்கொண்டிருக்க, குறை பெரும்பாலும் கீழ்த்தாடையில் இருக்கிறது.

இதனைக் கண்டறிய வெறும் பார்வை போதாது. தலையை ஒரு சட்டத்தில் அசையாமல் நிறுத்திப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்து, அப்படத்தில் கோடுகளும் கோணங்களும் வரைந்து, எந்த எலும்பு எவ்வளவு முன்பின்னாக இருக்கிறது என்று மருத்துவர் அளக்கிறார். 1931ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிராட்பென்ட் என்பவரும், ஜெர்மனியில் ஹோஃப்ராத் என்பவரும் தனித்தனியே இம்முறையை வெளியிட்டனர். வாயை மூடிக் கடிக்கும்போது மேல்முன்பல்லுக்கும் கீழ்முன்பல்லுக்கும் இடையே 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது இயல்பு. 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்டால் கவனிக்கவேண்டிய நிலை. 9 மில்லிமீட்டரைத் தாண்டினால் சிகிச்சை பெரிதும் தேவைப்படும் நிலை.

இது வெறும் அழகைப் பற்றிய கவலையா என்று சிலர் கேட்கலாம். அழகு ஒரு பகுதிதான். நீண்டு நிற்கும் முன்பற்கள், குழந்தை ஓடி விழும்போது முதலில் அடிபட்டு உடைகின்றன. பாலப்பல் அன்று, வாழ்நாள் முழுவதற்கும் உரிய பல் அப்படி உடைந்துபோகிறது. உதடுகள் மூடாதபோது ஈறு உலர்ந்து வீங்குகிறது. சிலருக்குக் கீழ்முன்பற்கள் மேலண்ணத்தையே குத்துகின்றன. இவற்றோடு, பள்ளியில் பட்டப்பெயர் பெற்ற குழந்தை வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகுவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எனினும் ஒன்று சொல்வேன். முக அமைப்பு பெரும்பாலும் பாட்டன் பாட்டியிடமிருந்து வருவது. அது நோயும் அன்று, குற்றமும் அன்று. மெல்லவும் பேசவும் தொல்லையின்றி, தம் முகத்தோடு மனநிறைவாக வாழும் ஒருவரை, கலியாணத்தைக் காட்டிச் சிகிச்சைக்குத் துரத்துவது முறையாகாது.

அடுத்து, வயதைப் பற்றிய கேள்வி. எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் பருவத்தில் அவ்வளர்ச்சியையே துணைக்கொண்டு செய்யும் சிகிச்சைகள் உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கிளார்க் என்பவர் 1977ஆம் ஆண்டில் அமைத்த இரட்டைக் கட்டைத் தட்டு அவற்றுள் ஒன்று. மேலும் கீழுமாக அணியும் இரண்டு தட்டுகளில் உள்ள சாய்வான கட்டைகள், வாயை மூடும்போதெல்லாம் கீழ்த்தாடையை முன்னே கொண்டுவந்து நிறுத்துகின்றன. குழந்தை அதனை இரவும் பகலும் அணிந்தால்தான் பயன். மேல்தாடை முன்தள்ளி வளர்வதாயின், தலையிலோ கழுத்திலோ பட்டை மாட்டி அவ்வளர்ச்சியைத் தடுத்து நிறுத்தும் முறையும் இருக்கிறது.

அப்படியானால், எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று பெற்றோர் எண்ணக்கூடும். 2018ஆம் ஆண்டில் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு வேறு முடிவைத் தருகிறது. 7 முதல் 11 வயதுக்குள் ஒரு முறையும், பின்னர் மறுமுறையும் சிகிச்சை பெற்றவர்களுக்கும், பதின்பருவத்தில் ஒரே முறை சிகிச்சை பெற்றவர்களுக்கும் இறுதி விளைவில் பெரிய வேற்றுமை காணப்படவில்லை. முன்பல் அடிபடுவது குறைந்தது ஒன்றே முன்கூட்டிச் செய்ததன் தெளிவான பயன். ஆகவே 7, 8 வயதில் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவது நன்று. பல் உடையும் அபாயமோ, பிள்ளையின் மனவருத்தமோ மிகுந்திருந்தால் அப்போதே தொடங்கலாம். இல்லையேல் வளர்ச்சி வேகம் பிடிக்கும் பருவத்திற்குக் காத்திருக்கலாம். அப்பருவம் பெண்களுக்குச் சற்று முன்னதாகவும், ஆண்களுக்குச் சற்றுப் பின்னதாகவும் வருகிறது. அதைக் கைநழுவ விடலாகாது.

பற்களில் கம்பி கட்டும் சிகிச்சையை எந்த வயதிலும் செய்யலாம். மெல்லிய விசை இடைவிடாது அழுத்தும்போது, பல்லின் ஒருபுறத்து எலும்பு கரைகிறது. மறுபுறத்தில் புதிய எலும்பு உண்டாகிறது. பல் மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு, சிலருக்கு அதற்கு மேலும் ஆவது இதனால்தான். அவசரப்பட்டு விசையைக் கூட்டினால் பல்லின் வேர் தேயக்கூடும். பின்னே தள்ள இடமில்லாதபோது, கோரைப்பல்லுக்கு அடுத்துள்ள முன்கடைவாய்ப் பற்களை எடுத்து இடம் உண்டாக்குவார்கள். கம்பியை எடுத்தபின் தாங்கு தட்டு அணியாவிடில், பற்கள் பழைய இடத்தை நோக்கித் திரும்பிவிடும்.

வளர்ச்சி நின்றபின் தாடை எலும்பின் குறை மிகுதியாக இருக்குமாயின், கம்பி மட்டும் அதனைச் சரிசெய்யாது. பற்களைச் சாய்த்துக் குறையை ஓரளவு மறைக்கலாம். இல்லையேல் அறுவை மருத்துவர் எலும்பை வெட்டி நகர்த்திப் பொருத்தவேண்டும். முன்பற்களைப் பிடுங்கிவிட்டுப் பொய்ப்பல் கட்டினால் போதும் என்று எண்ணுவோரும் இருக்கிறார்கள். நல்ல பற்கள் போய்விடும்; தாடை இருந்த இடத்திலேயே இருக்கும்.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனிப்பட்ட சிக்கல்கள் இரண்டு உண்டு. ஒன்று மொழி. இந்தியில் ‘தாந்த் பாஹர் ஹைன்’, அதாவது பற்கள் வெளியே இருக்கின்றன என்று சொல்லி முடித்துவிட்டால், தாடை என்ற பேச்சே எழாமல் போகும். தாடைக்கு இந்தியில் ‘ஜப்டா’ என்று பெயர், வங்காளியில் ‘சோயால்’. அந்தச் சொல்லைத் தெரிந்துவைத்துக்கொண்டு கேளுங்கள். மற்றொன்று மாற்றல் உத்தரவு. இரண்டாண்டுச் சிகிச்சையின் நடுவே ஊர் மாற நேர்ந்தால், பாதியில் நின்ற கம்பி பல்லுக்குத் தீங்கு செய்யும். புறப்படுமுன் பல் அச்சுகள், எக்ஸ்ரே படங்கள், சிகிச்சைத் திட்டத்தின் எழுத்துக் குறிப்பு, கட்டிய தொகையின் கணக்கு ஆகியவற்றைக் கேட்டுப் பெறுங்கள். அவை உங்கள் உரிமை. புதிய ஊரில் பற்சீரமைப்பில் எம்.டி.எஸ். பட்டம் பெற்றவரை நாடுங்கள். அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இச்சிகிச்சை குறைந்த செலவில் கிடைக்கும். காத்திருக்கும் பொறுமைதான் வேண்டும்.

கம்பி இருக்கும் நாட்களில் சீடையும் முறுக்கும் கரும்பும் விலக்கப்பட்டவை. ஊரிலிருந்து பாட்டி அனுப்பும் பலகாரப் பொட்டலத்தைக் குழந்தை ஏக்கத்தோடு பார்க்கும். அதிரசத்தைச் சிறு துண்டாக்கிக் கொடுத்து, பிறகு பல் துலக்கச் செய்யலாம்.

மருத்துவரிடம் செல்லும்போது மூன்று கேள்விகளை மறவாதீர்கள். குறை பல்லிலா, தாடையிலா? தாடையிலாயின் மேல்தாடையா, கீழ்த்தாடையா? வளர்ச்சி இன்னும் எஞ்சியிருக்கிறதா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தபின் எடுக்கும் முடிவு, சிகிச்சை செய்வதாயினும் வேண்டாம் என்பதாயினும், அறிந்து எடுத்த முடிவாக இருக்கும்.