அஸ்தமனம் இல்லாத ஊரில் ஒரு மாலை விளக்கு

2019 ஜூனில் நானும் என் சகதர்மிணியும் கோபன்ஹேகனிலிருந்து, 2000-இல் திறக்கப்பட்ட கடல் பாலத்தின் வழியே ரயிலில் ஸ்வீடன் சென்றோம். ஸ்டாக்ஹோமில், 1930-இல் சர் சி.வி. ராமன் நோபல் பரிசு பெற்ற மண்டபத்தைப் பார்த்தோம். பௌதிகம் படித்த எனக்கு அதுவே க்ஷேத்திர தரிசனம்.

அங்கிருந்து இரவு ரயிலில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, இரும்புத்தாதுச் சுரங்க ஊரான கிருணாவுக்குப் போனோம். என் பால்ய சிநேகிதன் அங்கேதான் இருக்கிறான். பூமியின் அச்சு சுமார் 23½ டிகிரி சாய்ந்திருப்பதால், மே கடைசி முதல் ஜூலை நடுவரை அங்கே சூரியன் அஸ்தமிப்பதில்லை. படித்த விஷயம்தான், ஆனாலும் ராத்திரி 12 மணிக்கு வெயிலைப் பார்த்தபின் தூக்கம் வரவில்லை.

"அந்தியே இல்லாத ஊரில் மாலை விளக்கு எப்போதுடா?" என்று வேடிக்கையாகக் கேட்டேன். பதில் சொல்லவில்லை. மறுநாள் பிற்பகல் சரியாக மூன்றே முக்காலுக்கு, பளிச்சென்ற வெயிலில், சுவாமி அலமாரியில் விளக்கேற்றினான்.

"இந்திய நேரம் ஏழேகால். மாதுங்காவில் அம்மா விளக்கேற்றின வேளை. அவள் போய்ப் பதினோரு வருஷமாச்சு. கடைசியா முகம் பார்க்க வந்து சேர முடியலை. இதையாவது விடாம செய்யறேன்."

நாங்களும் நமஸ்கரித்தோம். செம்பூர் திரும்பியது முதல் எங்கள் வீட்டு விளக்கையும் ஏழேகாலுக்கே ஏற்றுகிறோம்.