முதலில் சாப்பாடு



போதைப் பழக்கத்துக்கு ஆளான ஒருவரைப் பார்த்தால் நாம் என்ன கேட்கிறோம்? "இதை எப்போது விடப்போகிறாய்?" என்றுதான் கேட்கிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. "சாப்பிட்டாயா?"

போதை பெரும்பாலும் பசியை மறைக்கும். சாப்பாட்டுக்கான காசையும் விழுங்கிவிடும். அதனால் பலர் வெறும் வயிற்றோடுதான் கிடக்கிறார்கள்.

தொடர்ந்து குடிப்பவருக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. உணவிலுள்ள தயமின் என்ற சத்தை, அதாவது வைட்டமின் பி1-ஐ, உடம்பு உறிஞ்சவிடாமல் மது தடுக்கிறது. அந்தச் சத்து மிகவும் குறைந்தால் நடை தள்ளாடும். பார்வை இரட்டையாகத் தெரியும். புத்தி குழம்பும். போதை தெளியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வீட்டில் கோபம் இருக்கும். நியாயமான கோபம்தான். ஆனாலும் சோற்றை நிறுத்தாதீர்கள். பணமாகக் கொடுக்க வேண்டாம், உணவாகக் கொடுங்கள். புழுங்கலரிசிக் கஞ்சியும் பாசிப்பயறும் நல்லவை. இரண்டிலும் தயமின் இருக்கிறது. பல நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக நிறையக் கொடுப்பது ஆபத்து. மருத்துவரைக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

தெருவோரம் வாழ்பவர்களிடம் சமூகப் பணியாளர்கள் உணவுப் பொட்டலத்தோடு போவதும் இதற்காகத்தான். பசி அடங்கினால் பேச்சு வரும். பேச்சு வந்தால் நம்பிக்கை வரும். சிகிச்சைக்கு வழி அங்கேதான் பிறக்கிறது. முதலில் சாப்பாடு, பிறகு அறிவுரை.

போதை மீட்பு உதவிக்குக் கட்டணமில்லாத தேசிய எண் இருக்கிறது: 14446. ஒன்று, நான்கு, நான்கு, நான்கு, ஆறு. குறித்துக்கொள்ளுங்கள். தேவைப்படுபவருக்குச் சொல்லுங்கள்.