உள்ளே வேண்டிய உறுதி



அலுவலகக் கோப்புகளை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றுவதே தொழிலாகக் கொண்டவன் நான். கலைப் பட்டம் பெற்றவன். திருகாணியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதிலேயே எனக்கு ஐயம் உண்டு. அத்தகைய நான் ஒரு மோட்டார் எஞ்சினைப் பற்றிப் பேச முன்வந்திருப்பதற்குக் காரணம், அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் வாழும் என் தம்பி. கடந்த குளிர்காலத்தில் அவன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். வெளியே பனி பெய்துகொண்டிருக்க, வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் அவன் எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் பரப்பியிருந்தான்.

'மஸில் கார்' என்று அமெரிக்கர் ஒருவகை வண்டியைச் சொல்லுவர். நடுத்தர உடலில் மிகப் பெரிய எஞ்சினைப் பொருத்திய வண்டி அது. 1964-ஆம் ஆண்டின் பாண்டியாக் ஜி.டி.ஓ. இவ்வகைக்கு முன்னோடி என்பது பலர் கருத்து. என் தம்பி பழையதாக வாங்கியது, 2012 முதல் 2015 வரை விற்பனையில் இருந்த ஷெவர்லே கமாரோ இசட்.எல்.1 வகை. எட்டு சிலிண்டர்கள், 6.2 லிட்டர் கொள்ளளவு, 580 குதிரைத்திறன்.

இத்தனை சக்திக்குக் காரணம் 'சூப்பர்சார்ஜர்' என்னும் கருவி. சாதாரண எஞ்சின் தானே காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. இதுவோ எஞ்சினின் பெல்ட்டினால் சுழன்று காற்றை உள்ளே திணிக்கிறது. தொழிற்சாலைகளில் காற்று ஊதுவதற்கென ரூட்ஸ் என்னும் அமெரிக்கச் சகோதரர்கள் 1860-இல் உரிமைப் பதிவு செய்த கருவியே இதன் மூதாதை. காற்று மிகுந்தால் பெட்ரோலும் மிகுதியாக எரியும், சக்தி பெருகும். அதனோடு உஷ்ணமும் அழுத்தமும் பெருகும் என்பதை மறக்கலாகாது.

முன்பு அவ்வண்டியை வைத்திருந்தவர் அதை மறந்துவிட்டார். சூப்பர்சார்ஜரின் பெல்ட் சக்கரத்தை நீக்கி, அதனினும் சிறிய சக்கரத்தைப் பொருத்தினார். சக்கரம் சிறிதானால் சுழற்சி வேகம் கூடும், காற்றும் கூடும். ஆனால் அதற்கேற்ற பெட்ரோல் செல்ல அவர் வழி செய்யவில்லை. தீப்பொறியிலிருந்து நெருப்பு சீராகப் பரவுவதற்குள் எஞ்சிய கலவை தானே வெடிக்கத் தொடங்கிற்று. அந்த வெடிப்பு ஒவ்வொன்றும் பிஸ்டனின் தலையில் விழும் சம்மட்டி அடி. தம்பி வாங்கிய மூன்றாம் மாதம் நீலப் புகை கிளம்பியது. பிரித்துப் பார்த்தபோது, ஒரு பிஸ்டனில் வளையங்களைத் தாங்கும் விளிம்பு உடைந்திருந்தது.

அவை வார்ப்புப் பிஸ்டன்கள். சிலிக்கன் மிகுந்த அலுமினியக் கலவை, சூட்டில் அதிகம் விரியாது, தேய்மானமும் குறைவு. விதித்த அளவுக்குள் ஓட்டினால் அவையே போதும். ஆனால் சம்மட்டி அடியைத் தாங்கா. 638 குதிரைத்திறன் கொண்ட கார்வெட் இசட்.ஆர்.1 வண்டிக்கு, அதே 6.2 லிட்டர் அளவில், அடித்து உருவாக்கிய பிஸ்டன்களையும் டைட்டானியம் கனெக்டிங் ராடுகளையும் அதே நிறுவனம் பொருத்தியது. பாரத்துக்கேற்ற பலம் என்பதே அதன் கணக்கு.

தம்பியும் அவ்வழியே சென்றான். கிராங்க் ஷாஃப்ட் முன்பே அடித்து உருவாக்கிய எஃகானபடியால் அதை வைத்துக்கொண்டான். பிஸ்டன்களும் ராடுகளும் அடித்துச் செய்தவையாக வந்தன. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழலும்போது, ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 200 முறை நின்று திரும்புகிறது. ஆகவே எட்டின் எடையும் ஒத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் நுண்ணியது வளையங்களின் இடைவெளி. பிஸ்டன் வளையம் முழு வட்டமன்று. இரு முனைகளுக்கிடையே சிறு இடைவெளி உண்டு. சூப்பர்சார்ஜர் உள்ள இந்த எஞ்சினுக்கு மேல் வளையத்தில் சுமார் 0.6 மில்லிமீட்டர் வேண்டும். குறைந்தால், சூட்டில் விரிந்த முனைகள் முட்டிக்கொண்டு பிஸ்டனையே உடைத்துவிடும். தம்பி ஒவ்வொன்றாக அராவி அளந்து சொல்லுவான்; நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவேன். என்னால் ஆன உதவி அவ்வளவே.

ஆறு பிஸ்டன்கள் உள்ளே இறங்கிய இரவு, நோட்டைப் புரட்டினேன். ஐந்தாம் சிலிண்டரின் மேல் வளையத்துக்கு எதிரே எண் இல்லை.

"அளந்திருப்பேன், அண்ணா. நீங்கள் எழுத விட்டிருக்கலாம்" என்றான்.

"விட்டிருக்கலாம்" என்றேன்.

அவனுடைய சேமிப்பில் பெரும்பகுதி அந்த மேசையின் மேல் கிடந்தது. சற்று நேரம் பேசாமல் நின்றான். பின்னர் ராடின் மூடியைத் தளர்த்தி, பிஸ்டனை வெளியே எடுத்து, வளையத்தை அளந்தான். 0.45 மில்லிமீட்டர். அராவ மறந்த வளையம் அது. இருவரும் ஒன்றும் பேசவில்லை.

நான் தில்லி திரும்பியபின், ஏப்ரலில் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்து, கருவியை வண்டியருகே பிடித்தான். முதலில் மெல்லிய தட்டல் ஒலி கேட்டது. அடித்துச் செய்த பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியுமாதலால், குளிர்ந்த நிலையில் சற்றுத் தளர்வாகவே அமையும். எஞ்சின் சூடேறியதும் அவ்வொலி அடங்கியது. சிறிய சக்கரத்தை என்ன செய்தாய் என்று கேட்டேன். பழைய அளவுச் சக்கரத்தையே மாட்டிவிட்டதாகவும், அதை மேசை மேல் காகிதம் பறக்காமல் வைத்திருப்பதாகவும் சொன்னான்.

சக்தியைக் கூட்ட விரும்புவோர் முதலில் தாங்கும் உறுதியைக் கூட்ட வேண்டும்; எழுதப்படாத எண்ணை அளந்ததாகக் கொள்ளலாகாது. எஞ்சின் எனக்குக் கற்பித்தது இவ்வளவே.