தூக்குக் கயிற்றைக் காட்டி வீழ்த்தப்பட்ட தலைமை நீதிபதி

அமெரிக்காவின் பல மாநிலங்களில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் வாக்காளர்களைச் சந்தித்தாக வேண்டும். கலிபோர்னியாவில் நீதிபதியை ஆளுநர் நியமிப்பார். பின்னர் வரும் தேர்தலில், “இவர் பதவியில் தொடரலாமா?” என்ற ஒரே கேள்விக்கு மக்கள் ஆம் அல்லது இல்லை என விடையளிப்பர். எதிர் வேட்பாளர் கிடையாது. 1986 நவம்பர் 4 அன்று மூவரில் இருவர் “இல்லை” என்றனர். பதவியிழந்தவர் தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட். அம்மாநிலத்தின் தலைமை நீதிபதி ஒருவரை வாக்காளர்கள் அகற்றியது அதுவே முதன்முறை.

யார் இந்த ரோஸ் பேர்ட்? 1936இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் தொழிற்சாலையில் உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். சட்டம் பயின்று, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியற்ற ஏழைகளுக்காக அரசுச் செலவில் வாதாடும் பணியில் சேர்ந்தார். 1975இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுனின் அமைச்சரவையில் வேளாண்மைப் பொறுப்பேற்றார்.

1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டம் விவசாயத் தொழிலாளரை வெளியே நிறுத்தியிருந்தது. சீசர் சாவேஸ் தலைமையில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் நடத்திய நெடிய போராட்டங்களின் விளைவாக, 1975இல் கலிபோர்னியா புதிய சட்டம் இயற்றியது. இரகசிய வாக்கெடுப்பின் மூலம் தமது சங்கத்தைத் தெரிவு செய்யும் உரிமையை அத்தொழிலாளர் பெற்றனர். அச்சட்டத்தை உருவாக்குவதில் பேர்ட் முக்கியப் பங்காற்றினார். பெரும் பண்ணை முதலாளிகள் இதை மறக்கவில்லை. 1977இல் பிரவுன் அவரைத் தலைமை நீதிபதியாக்கினார். அந்நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியும் அவரே. மறு ஆண்டுத் தேர்தலில் சொற்பப் பெரும்பான்மையில் தப்பினார்.

1985இல் ஒரு வழக்கு. லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டக் கழிவுநீர் ஊழியர்கள் 1976இல் 11 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதற்காகச் சங்கம் 2,40,000 டாலருக்கு மேல் இழப்பீடு செலுத்த வேண்டுமெனக் கீழமை நீதிமன்றம் கூறியிருந்தது. உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. பொதுமக்களின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் உடனடிப் பேராபத்து விளையாதவரை, அரசு ஊழியரின் வேலைநிறுத்தம் சட்டவிரோதமாகாது என்றது. பேர்ட் தனித் தீர்ப்பில் ஒருபடி மேலே சென்று, அவ்வுரிமைக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பும் உண்டென வாதிட்டார்.

ஆனால் 1986 பிரச்சாரத்தில் கழிவுநீர் ஊழியரைப் பற்றி யார் பேசினார்? தம்முன் வந்த 61 மரண தண்டனைகளையும் பேர்ட் ஏற்க மறுத்திருந்தார். அதுவே ஆயுதமாயிற்று. கொலையுண்டோரின் குடும்பத்தினர் தொலைக்காட்சி விளம்பரங்களில் தோன்றினர். அவர்களது துயரம் உண்மையானது. பணம் கொடுத்தோரின் நோக்கம் வேறு. பண்ணை முதலாளிகளும், எண்ணெய் நிறுவனங்களும், காப்பீட்டு நிறுவனங்களும் அந்தப் பிரச்சாரத்துக்கு நிதி வழங்கின. ஆளுநர் ஜார்ஜ் டியூக்மெஜியனும் அதற்குத் துணை நின்றார். பேர்டுடன் குரூஸ் ரெய்னோசோ, ஜோசப் குரோடின் ஆகிய நீதிபதிகளும் வீழ்ந்தனர். ரெய்னோசோ விவசாயத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, அந்நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்.

அறுவடை விரைவில் தொடங்கியது. டியூக்மெஜியனின் முன்னாள் வழக்கறிஞர் கூட்டாளியான மால்கம் லூகாஸ் தலைமை நீதிபதியானார். விபத்தில் பாதிக்கப்பட்டவர், எதிர்த்தரப்பின் காப்பீட்டு நிறுவனம் முறைகேடாக நடந்தால் அதன்மீது நேரடியாக வழக்குத் தொடர 1979இல் பெற்றிருந்த உரிமையை, 1988இல் புதிய நீதிமன்றம் பறித்தது. தூக்குக் கயிற்றைக் காட்டித் திரட்டிய வாக்கு, காப்பீட்டு முதலாளியின் கணக்கில் வரவாயிற்று.

தற்காப்பிலும் குறையிருந்தது. பேர்ட் தேர்தல் ஆலோசகர்களை ஒதுக்கிவிட்டுத் தனித்தே களம் கண்டார். எதிரணி வகுத்த கேள்விக்குள்ளேயே விவாதம் அடங்கிப்போயிற்று. வயல்களில் உழைத்தோரில் பலர் குடியுரிமையற்றோர். அவர்களுக்கு வாக்கே இல்லை. பிற்காலத்தில் பேர்ட் ஓர் இலவசச் சட்ட உதவி மையத்தில் நகலெடுக்கும் வேலையைத் தொண்டாகச் செய்து, 1999இல் புற்றுநோயால் மறைந்தார்.

இந்தியாவில் நீதிபதிகளுக்குத் தேர்தல் இல்லை. எனினும், தமிழக அரசு ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட ஊழியர்களை வேலைநீக்கம் செய்த 2003ஆம் ஆண்டில், டி.கே.ரங்கராஜன் வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மீக உரிமையோ இல்லையென உச்ச நீதிமன்றம் கூறியதை நாம் அறிவோம்.

தோழர்களே! நியமனமானாலும் தேர்தலானாலும், நீதிமன்றம் வர்க்கச் சமூகத்துக்கு வெளியே நிற்பதில்லை. நல்ல தீர்ப்பு கிடைத்த நாளோடு போராட்டம் முடிந்துவிடுவதுமில்லை. தீர்ப்பால் பயனடைந்தோரிடம் அதைக் கொண்டு சென்று, அதைக் காக்கும் சக்தியாக அவர்களைத் திரட்டும் பணி அன்றுதான் தொடங்குகிறது.