குறுஞ்சுற்றுகளின் விநோதம்

1962-இல் அல்லாடி ராமகிருஷ்ணன் அவர்களுடைய பெருமுயற்சியால் தோன்றி, இன்று சென்னைத் தரமணியில் இயங்கிவரும் கணித அறிவியல் நிறுவனத்தில், வேங்கடேஷ் ராமன், சாகேத் சௌரப் முதலிய அறிஞர்கள் நெடுங்காலம் ஆராய்ந்துவந்த ஒரு விஷயத்தை, சூத்திரங்களின் உபத்திரவம் இல்லாமல் எடுத்துரைக்க விழைகிறேன்.

மயிலைக் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளை மனத்திற்கொள்ளுங்கள். சந்திகளைப் புள்ளிகளாகவும் வீதிகளைக் கோடுகளாகவும் பாவித்தால் கிடைக்கும் சித்திரத்தைக் கணிதர் கோட்டுரு என்பர். நான்கு மூலைகளும் அதில் ஒரு சுற்றாக அமைகின்றன. இனி, ஆயிரம் சந்திகளுள்ள ஒரு நகரத்தில், ஒவ்வொரு சந்தியிலாவது அதற்கு அடுத்த சந்தியிலாவது ஒரு காவலர் இருக்கும்படி, பத்தே பேரைக் கொண்டு ஏற்பாடு செய்ய இயலுமா என்று கேட்டால், பத்துச் சந்திகளைத் தேர்ந்தெடுக்கும் வகைகளின் தொகை 24 இலக்க எண்ணாகிவிடுகிறது, கணினியும் கைவிரித்துவிடும். நகரம் எவ்வளவு விஸ்தாரமானாலும், சிரமம் முழுவதையும் காவலர் தொகையாகிய அச்சிறிய எண்ணின் தலையிலேயே கட்டிவிட முடியுமா என்பதுதான், 1990-களில் டௌனி, ஃபெல்லோஸ் என்னும் இருவர் வகுத்த சாஸ்திரம் எழுப்பும் வினா. எல்லா நகரங்களுக்கும் அது முடியாது என்பதே அறிஞர்களின் திடமான அனுமானம்.

ஆயின், முக்கோணச் சுற்றும் நாற்கோணச் சுற்றும் அறவே இல்லாத நகரமாயின், நிலைமை அடியோடு மாறிவிடுகிறது என்று ராமனும் சௌரபும் 2008-இல் ‘அல்காரித்மிகா’ என்னும் சஞ்சிகையில் நிரூபித்துக் காட்டினார்கள். காரணம் இதுதான். பத்துக்கு மேற்பட்ட வீதிகள் கூடும் ஒரு சந்தியில் காவலர் இல்லையென்று கொள்வோம். (அப்படியொரு சந்தி எந்த ஊரில் உண்டு என்பவர்கள் கணிதரின் ஊருக்குப் போனதில்லை.) அதன் அண்டைச் சந்திகளை வேறெங்கோ நிற்பவர்கள்தாம் காக்க வேண்டும், ஆனால் அவர்களில் ஒருவர் அவ்வண்டைகளில் இரண்டைக் காப்பாரானால், அங்கே முக்கோணமோ நாற்கோணமோ உண்டாகிவிடுமாதலால், ஒருவர் ஒன்றைத்தான் காக்க முடியும், பத்துப் பேர் பத்தைத்தான் காக்க முடியும். ஆகவே அந்தச் சந்தியில் காவலர் நின்றே தீர வேண்டும். இவ்வாறு கட்டாயமானவற்றை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டால், மற்றச் சந்திகளில் நிற்பவர் எவரும் தம்முடையதோடு பதினொன்றுக்கு மேல் காக்க இயலாது. எனவே காவலற்ற சந்திகள் 110-க்கு மேல் எஞ்சியிருந்தால், ‘முடியாது’ என்று உடனே விடை சொல்லிவிடலாம். குறைவாயின், அச்சிறு தொகையை மட்டும் ஆராய்ந்தால் போதும்.

இங்கே பகையாக நின்ற குறுஞ்சுற்று, வேறொரு பிரசினையில் உற்ற துணையாகிறது. சில சந்திகளை அடைத்து, நகரத்தில் சுற்றே இல்லாமற் செய்ய வேண்டும். 1972-இல் கார்ப் என்னும் அறிஞர் வெளியிட்ட 21 கடினப் பிரசினைகளின் பட்டியலில், இதையே ஒருவழிப் பாதைகளுக்குக் கேட்கும் வடிவம் இடம்பெற்றது. ஒரே வீதியுள்ள சந்தியைத் தள்ளிவிடலாம். இரண்டே வீதியுள்ளதை நீக்கி, அதன் இருபுறத்தையும் நேரே இணைத்துவிடலாம். எஞ்சியவற்றில் மூன்றுக்குக் குறையாத வீதிகள் பிரிவதால், ஒரு சந்தியிலிருந்து கிளம்பினால் படிக்குப் படி வழிகள் இரட்டித்து, ஆயிரம் சந்திகளுக்குள் விரைவிலேயே ஒன்றையொன்று சந்தித்தாக வேண்டும். ஆதலால் இருபது சந்திகளுக்குள் அடங்கும் ஒரு சுற்று நிச்சயம் கிடைக்கும். அதில் ஏதேனும் ஒன்றை அடைத்தே ஆக வேண்டுமாகையால், ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க வேண்டியதுதான்! குறுஞ்சுற்றைத் துணைகொள்ளும் இந்த உபாயத்தைக் கூர்மையாக்கி, ராமன், சௌரப், சி. ஆர். சுப்பிரமணியன் மூவரும் 2002-இல் வேகமான முறையொன்றை வெளியிட்டார்கள்.

வீதிகளை ஒருவழிப் பாதைகளாக்கிவிட்டாலோ, இந்த உபாயம் பலிப்பதில்லை. ஒவ்வொரு சந்தியிலிருந்தும் இரண்டு வழிகள் புறப்பட்டாலும், மிகக் குறுகிய சுற்றே நகரத்தின் பாதிச் சந்திகளைத் தழுவும்படி அமைத்துவிடலாம். அந்த முடிச்சை ஜியானர் சென், பேரி ஓ’சல்லிவன், இகோர் ராஸ்கன் உள்ளிட்ட ஐவர் குழு, முற்றிலும் வேறான ஒரு வழியில், 2008-இல்தான் அவிழ்த்தது.