சோறு வடிக்கும் கைகள்



மணிமேகலையின் கையில் இருந்த அமுதசுரபியைப் பற்றி நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். அள்ள அள்ளக் குறையாது சோறு சுரந்த அந்தப் பாத்திரத்திற்கு அடுப்பு வேண்டியதில்லை, விறகு வேண்டியதில்லை, கஞ்சி வடிக்க ஆள் வேண்டியதில்லை. நம் பள்ளிகளிலும் நாள்தோறும் நண்பகலில் சோறு சுரக்கின்றது. ஆனால் இந்தச் சோற்றுக்குப் பின்னே தீ இருக்கின்றது, கொதிநீர் இருக்கின்றது, அவற்றின் நடுவே இரண்டு மூன்று பெண்மணிகள் நின்றுகொண்டிருக்கின்றார்கள். அவர்களுடைய நலத்தையும் பாதுகாப்பையும் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் வழக்கம் நம் மாநிலத்தில் ஒரு நூற்றாண்டைக் கடந்துவிட்டது. 1920ஆம் ஆண்டில், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் இதனைத் தொடங்கியது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவலாயிற்று. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் பிறந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டமும் வந்து சேர்ந்தது.

இந்த நெடிய வரலாற்றில் உண்டவர்களைப் பற்றி நாம் நிரம்பப் பேசியிருக்கின்றோம். எத்தனை பிள்ளைகள் பசியாறினார்கள், எத்தனை பேர் பள்ளிக்கு வந்தார்கள் என்றெல்லாம் கணக்கெடுத்தோம். சமைத்தவரின் கை வெந்ததா, கண் எரிந்ததா, இடுப்பு வலித்ததா என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. அதற்குக் காரணம் யாது? 'வீட்டில் பெண்கள் அன்றாடம் செய்கின்ற வேலைதானே' என்னும் எண்ணமே காரணம். இந்த எண்ணம் பிழையானது. பள்ளிச் சமையலறை ஒரு தொழிற்கூடம். தொழிற்கூடத்தில் உழைப்பவருக்கு என்ன பாதுகாப்பு வேண்டுமோ, அத்தனையும் இங்கே உழைப்பவருக்கும் வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அரிசி என்பது அளவு. 200 பிள்ளைகள் உண்ணும் பள்ளியில் உலையில் இட வேண்டிய அரிசி 20 கிலோ. வடித்துச் சமைப்பதானால் அதைப்போல் மூன்று மடங்கு நீரேனும் வேண்டும். அஃதாவது 60 லிட்டர். பாத்திரத்தின் எடையைச் சேர்க்காமலே 80 கிலோ ஆயிற்று. இரண்டு பாத்திரங்களில் பிரித்துச் சமைத்தாலும் ஒவ்வொன்றும் 40 கிலோவுக்கு மேல். கொதித்துக்கொண்டிருக்கும் இந்தச் சுமையை அடுப்பிலிருந்து இறக்கிச் சாய்த்துக் கஞ்சி வடிக்க வேண்டும். நம் தாய்மார் வீட்டில் வடிக்கும் சிறு பானையோடு இதனை ஒப்பிட முடியுமா?

நீராவியின் ஆற்றலை இயற்பியல் வகுப்பில் நீங்கள் கற்றிருப்பீர்கள். 100 பாகை வெப்பநிலையில் உள்ள ஒரு கிராம் நீராவி, அதே வெப்பநிலையில் நீராக மாறும்போது ஏறத்தாழ 540 கலோரி வெப்பத்தை வெளியிடுகின்றது. அந்த நீர் நம் உடலின் வெப்பநிலைக்குக் குளிர்கின்றபோது வெளியிடுவது சுமார் 63 கலோரியே. எனவே, மூடியைத் திறந்தவுடன் முகத்தில் அடிக்கும் ஆவி கொதிநீரினும் கொடியது. மூடியின் அப்புறத்து விளிம்பை முதலில் உயர்த்தினால், ஆவி எதிர்ப்பக்கம் சென்றுவிடும். மூடியே முகத்துக்குக் கேடயமாக நிற்கும். அனுபவமுள்ள சமையலர்கள் இதனை எந்த நூலிலும் படிக்காமலே செய்து வருகின்றார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நடந்ததைச் சொல்கின்றேன். சமையல் உதவியாளராக இருந்த பெண்மணி கஞ்சி வடித்துக்கொண்டிருந்தார். தரையில் முன்னமே சிந்தியிருந்த கஞ்சி அவர் காலை வழுக்கிவிட்டது. பாத்திரம் சரிந்து, முழங்காலுக்குக் கீழே கொதிக்கும் கஞ்சி கொட்டிவிட்டது. அலறல் கேட்டு ஓடினோம். ஒருவர் பேனா மைப் புட்டியைக் கொண்டுவந்தார். ஒருவர் பற்பசையை நீட்டினார். மற்றொருவர் மாவைத் தேடிப் போனார். மூத்த சமையலரான அம்மையாரோ எல்லோரையும் விலக்கிவிட்டு, "தண்ணிய ஊத்துங்க, வேற எதையும் வைக்காதீங்க" என்று கண்டிப்பாகச் சொன்னார். காலில் இருந்த கொலுசையும் மெட்டியையும் வீக்கம் காணுமுன் கழற்றினார். குடத்து நீரைச் செம்பு செம்பாக ஊற்றிக்கொண்டே இருந்தார். அந்த நீர்தான் புண் ஆழமாகாமல் காத்தது என்று மருத்துவர் பின்னர் சொன்னார். எனினும் இரண்டு மாதம் அப்பெண்மணியால் வேலைக்கு வர இயலவில்லை. அந்த இரண்டு மாதமும் அவர் வீட்டில் அடுப்பு எவ்வாறு எரிந்தது என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வெந்த இடத்தில் குளிர்ந்த நீரை 20 நிமிடம் ஊற்ற வேண்டும் என்பதை நீங்கள் அனைவரும் நினைவில் கொள்ளுங்கள். பனிக்கட்டி கூடாது, மை, மாவு, மஞ்சள் எதுவும் கூடாது, கொப்புளத்தை உடைத்தல் கூடாது. தூய துணியால் தளர்வாக மூடி, 108க்குத் தொலைபேசியில் சொல்லி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

இனி, அந்நிகழ்ச்சிக்குப் பின் நடந்ததே முக்கியமானது. அந்த மூத்த அம்மையார் மூன்று கோரிக்கைகளை வைத்தார். வழுவழுப்பான தரையைச் சொரசொரப்பாக்க வேண்டும்; கஞ்சி தானே வெளியே ஓடிவிட ஒரு கால்வாய் வேண்டும்; பாத்திரத்தைத் தூக்காமல் இருந்த இடத்திலிருந்தே சாய்ப்பதற்கு அடுப்பின் உயரத்தில் ஒரு மேடை வேண்டும். ஒரு கொத்தனார் ஒரு வாரத்தில் மூன்றையும் முடித்துவிட்டார். நான் அப்பள்ளியில் இருந்தவரை அத்தகைய விபத்து மீண்டும் நேரவில்லை. 'பார்த்து நட' என்று அறிவுரை சொல்வது எளிது. பாராமல் நடந்தாலும் வழுக்காத தரையை அமைத்துக் கொடுப்பதே பாதுகாப்பு.

அடுத்து, புகையும் எரிவாயுவும். விறகுப் புகையைச் சிறு தொல்லையாக எண்ணிவிடாதீர்கள். வீட்டினுள் சமையல் எரிபொருள்களால் மாசுபட்ட காற்று, 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் மக்களின் இறப்புக்குக் காரணமாயிற்று என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கின்றது. எரிவாயு அடுப்பு வந்ததால் புகை நீங்கிற்று. ஆயின் வேறொரு விழிப்பு வேண்டியதாயிற்று. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலெழுந்து போகாமல் தரையை ஒட்டித் தேங்கும். ஆகவே, தாழ்வான திறப்புகளும் காற்றோட்டமும் இல்லாத அறையில் அது பதுங்கி நிற்கும். வாடை வந்தால் மின்விளக்கைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது; தீக்குச்சியைத் தொடவே கூடாது. சிலிண்டரின் வாயை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறி, 1906 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தாலோ, நீரை ஊற்றுதல் பெருந்தவறு. நீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை வாரி இறைக்கும். அடுப்பை அணைத்துச் சட்டியை மூடிவிட்டால், காற்றின்றித் தீ அவியும்.

இவற்றையெல்லாம் சமையலர்கள் பாடு என்று நாம் விட்டுவிடலாகாது. 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்துத் தீ கூரைக் கொட்டகைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டனர். தீயும் கூரையும் அருகருகே இருந்ததே அப்பெருந்துயரின் வேர். சமைப்பவர் நிற்கும் இடம் பாதுகாப்பாக இல்லையெனில், உண்பவர் அமரும் இடமும் பாதுகாப்பாக இராது.

இன்னும் ஒன்று. 2013ஆம் ஆண்டு, அதே ஜூலை 16ஆம் நாள், பீகார் மாநிலத்தின் சாரண் மாவட்டச் சிற்றூர் ஒன்றில், பூச்சிக்கொல்லி கலந்த பள்ளி உணவை உண்டு 23 குழந்தைகள் இறந்தனர். எண்ணெயில் ஏதோ மாறுபாடு இருப்பதாகச் சமைத்த பெண்மணி முன்னதாகவே சொன்னார் என்றும், அது பொருட்படுத்தப்படவில்லை என்றும் அந்நாளில் செய்திகள் வெளிவந்தன. அவ்வுணவை உண்ட அவரும் நோயுற்றார். இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் தெளிவானது. ஆபத்தை முதலில் முகர்பவர் அடுப்பருகே நிற்பவரே. அவர் அஞ்சாமல் சொல்லவும், சொன்னதைப் பெரியவர்கள் செவிமடுக்கவும் இடமிருக்க வேண்டும். படிப்பு குறைந்தவர், கூலி குறைந்தவர் என்பதற்காக ஒருவர் சொல்லை எளிதாகத் தள்ளிவிடும் பள்ளி, அறிவை வளர்க்கும் இடமாகாது.

மாணவர்களாகிய நீங்கள் செய்யக்கூடியது என்ன? சமையலறைக்குள் ஓடாதீர்கள்; பாத்திரங்களின் அருகே ஒருவரையொருவர் தள்ளாதீர்கள். சூடான சாம்பாரைத் தூக்கி வரும்படி உங்களுள் யாரையேனும் ஏவினால், அது பிள்ளைகள் செய்யும் வேலையன்று என்று பணிவோடு மறுத்துச் சொல்லுங்கள். தட்டைக் கழுவிய நீரை நடைபாதையில் கொட்டாதீர்கள். உங்கள் பள்ளிச் சமையலறையில் முதலுதவிப் பெட்டியும் தீயணைப்பானும் உள்ளனவா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். கல்லூரி மாணவர்கள் இன்னும் ஒருபடி மேலே செல்லலாம். தம் ஊர்ப் பள்ளிக்குச் சென்று, தரை வழுக்குகின்றதா, எரிவாயுக் குழாய் பழையதாகிவிட்டதா, புகை போக வழியுண்டா என்று பார்த்து, தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுக்கலாம். நாளை ஆசிரியராகவோ பொறியாளராகவோ அலுவலராகவோ நீங்கள் அமர்கின்றபோது, சமையலறையின் வரைபடத்தில் கையெழுத்திடுமுன், அங்கே வேலை செய்யப்போகும் அம்மையாரை அழைத்து ஒரு வார்த்தை கேளுங்கள்.

பசித்தவருக்குச் சோறிடுவதை நம் முன்னோர் தலையாய அறமாகக் கொண்டனர். அந்த அறம் ஒருவர் காலைச் சுட்டு, மற்றொருவர் வயிற்றைக் குளிர்விப்பதாக இருத்தல் ஆகாது. சோறு உண்பவரும் சோறு வடிப்பவரும் மாலையில் ஒருசேர நலமாக வீடு திரும்பும் நாளே அந்த அறம் நிறைவுற்ற நாள்.